அடுப்பேறாத ஒரு வேளை

சமைக்காத உணவுக்கு மாற விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது, செய்முறைகளை எங்கே தேடுவது என்னும் கேள்வி இக்காலத்தில் பல இல்லங்களில் எழுகின்றது. ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிட்டு, மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களையும் நாம் அறிவோம். ஆகவே இத்திங்கள் அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

இச்சோதனையில் காந்தியடிகளைப் போல விடாது முயன்றவரும், முடிவை ஒளிக்காது உரைத்தவரும் அரியர். 1893-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், தம் இருபத்து மூன்றாம் வயதில் அவர் சமைக்காத உணவை மேற்கொண்டார். இரண்டு வாரத்திற்குள் உடல் தளர்ந்து கைவிட்டார். 1929-இல் மீண்டும் முனைந்தார். முளைகட்டிய கோதுமை, அரைத்த வாதுமைப் பருப்பு, இடித்த பச்சிலை, எலுமிச்சம்பழம், தேன் ஆகியனவே ஆகாரம். அதைப் பற்றி மிக்க நம்பிக்கையுடன் ‘யங் இந்தியா’ இதழில் எழுதினார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்புக் கண்டது. ஆகஸ்டு மாதத்தில் சோதனையை நிறுத்தி ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதனையும் நாடறியக் கூறினார். மனவுறுதியில் அவருக்கு நிகராவார் நம்மில் யார்? அவருக்கே ஒவ்வாத ஒன்றை நம் குழந்தைகள் மீதும் முதியோர் மீதும் சுமத்துவது முறையன்று. நாள் முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை. ஒரு வேளையை மாற்றினால் போதும் என்பதே நம் கருத்து.

அவ்வொரு வேளைக்குரிய செய்முறையைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. இராமநவமியன்று இம்மைசூரில் பந்தலிட்டுப் பானகம், நீர்மோருடன் கோசம்பரியும் வழங்குவதைக் காண்கிறோம். அக்கோசம்பரிதான் நம் வீட்டு வடைப்பருப்பு. நாடு மாறி வந்த நமக்கு அது புதிய பண்டமே அன்று. ஓர் ஆழாக்குப் பயத்தம்பருப்பை நன்கு கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட வேண்டும். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய தேங்காய், ஒரு பச்சை மிளகாய், கொத்துமல்லி ஆகியவற்றைச் சேர்த்து எலுமிச்சை பிழிய வேண்டும். உப்பை உண்ணும் நேரத்தில்தான் இடவேண்டும். முன்னரே இட்டால் வெள்ளரி நீர்விட்டுக் குழைந்துவிடும். மாங்காய்க் காலத்தில் எலுமிச்சைக்குப் பதிலாக மாங்காயைத் துருவலாம். கடுகு தாளிப்பது வழக்கம். அடுப்பே கூடாது என்போர் அதை விடுக.

இனிப்பை விரும்பும் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி, தேங்காய்த் துருவலும் விதை நீக்கிய பேரீச்சம்பழமும் கலந்து கொடுக்கலாம். நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழம் கிடைக்குமாயின் அதன் மணமே போதும். அவலை ஊறவைத்து உண்பதும் எளிது. ஆனால் நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதே அவலாதலால், அது முற்றும் பச்சை உணவு ஆகாது. வெல்லமும் காய்ச்சியதே. இதற்காக மனம் வருந்த வேண்டுவதில்லை. நாம் நாடுவது விரதமன்று, நலம்.

தொடங்கும் முறை இது. முதல் வாரம் பகலுணவுடன் ஒரு கிண்ணம் கோசம்பரி. அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்க. இரண்டாம் வாரம் மாலைப் பலகாரத்திற்குப் பதிலாகப் பழம். மூன்றாம் வாரம், வயிறு ஒத்துக்கொண்டால், நாள்தோறும் ஒரு வேளை முழுதும் அடுப்பேறாத உணவு.

பச்சையாக உண்பதெல்லாம் சிறந்தது என்றும் கருதலாகாது. கொய்யா, நெல்லி முதலியவற்றிலுள்ள ‘சி’ வைட்டமின் வெப்பத்தால் குறையும் என்பது உண்மை. ஆயின் காரட்டிலுள்ள சத்து, சிறிது எண்ணெயுடன் வேகவைத்தால்தான் உடலில் நன்கு சேர்கிறது. மரவள்ளிக் கிழங்கிலும் இராஜ்மாவிலும் உள்ள நஞ்சு சமைத்தாலன்றி நீங்காது. முளைப்பயறு ஈரத்திலும் வெப்பத்திலும் வளர்வதால் நோய்க்கிருமிகளும் அதில் எளிதில் பெருகும். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் அதை ஆவியில் வேகவைத்தே தருக. சிறுநீரகக் கல் உள்ளோர் பச்சைக் கீரைச் சாற்றை நாடலாகாது. பால் மோரையும் விலக்கி முழுதும் பச்சை உணவில் நிற்போர்க்கு ‘பி12’ வைட்டமின் கிடைக்காது. அதற்கு மருத்துவரைக் கேட்பது அவசியம்.

1950-ஆம் ஆண்டு முதல் உணவாராய்ச்சி நிலையம் ஒன்று இருந்துவரும் ஊரில் வாழ்கின்ற நாம், உணவைப் பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் நம்பலாமோ? அவற்றுள் மிகக் கொடியது, பச்சை உணவு உண்டால் மாத்திரை வேண்டா என்னும் பேச்சு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள் அதைக் கேட்டு மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஊறு விளையலாம். உணவு மாறுவதால் மருந்தின் அளவு மாற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஊரிலுள்ள தாய் தந்தையர்க்கு இச்செய்முறையை எழுதும் அன்பர்கள் இவ்வெச்சரிக்கையையும் சேர்த்து எழுதுவார்களாக.

மற்றபடி, கோசம்பரிக்கு இராமநவமி வரையில் காத்திருப்பானேன்? பருப்பை இன்றே ஊறவைக்கலாம். ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாருக்கும் அனுப்புக. அவர் கைப்பக்குவத்தையும் கேட்டறிந்து நமக்கு எழுதுக.