உரோசா பாட்டியார்

புதுச்சத்திரப் பக்கத்து நம் இல்லங்களில் மாலைச் செபத்தைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் பாட்டியாரே. பேரப்பிள்ளைகளோ விடுதிப் பள்ளிகளில்! தாம் ஊட்டிய பக்தி அங்கே நிலைக்குமோ என ஏங்கும் மூதாட்டியருக்கு இம்மாதம் ஒருவரை அறிமுகப்படுத்துகிறோம். அவர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் தந்தையைப் பெற்ற உரோசா அம்மையார்.

1929-இல் அவர் குடும்பத்தோடு இத்தாலியிலிருந்து அர்செந்தீனா வந்திறங்கியபோது அங்கே கடுங்கோடை. அம்மையாரோ உரோம மேலங்கியைக் கழற்றவில்லை; சொத்து விற்ற பணம் அதனுள் தைக்கப்பட்டிருந்தது! 1936-இல் பிறந்த பேரனுக்குத் தம்பி பிறந்தபின், நாள்தோறும் காலையில் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று மாலையில் கொண்டுவந்து விடுவார். செபம் கற்பித்தவரும் அவரே. பெரிய வெள்ளியன்று பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து, ஆண்டவர் மரித்துவிட்டார், ஆனால் நாளை உயிர்த்தெழுவார் என்பாராம். சவத்துணிக்குப் பை கிடையாது என்பதும் அவர் வாய்மொழி. நம் பட்டினத்தார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்!

1958-இல் பேரன் இயேசு சபையில் சேர்ந்தார். அவருடைய குருப்பட்டம் வரை உயிரோடிருப்போமோ என்றெண்ணிய அம்மையார், முன்னதாகவே ஒரு கடிதம் எழுதி வைத்தார். நோயோ இழப்போ வருத்தும்போது, நற்கருணைப் பேழைமுன் விடும் ஒரு பெருமூச்சும், சிலுவையடியில் நின்ற மாதாவை நோக்கும் ஒரு பார்வையும் புண்ணுக்கு மருந்தாகும் என்பது அதன் சாரம். 1969 டிசம்பர் 13-இல் அக்குருப்பட்டத்தைக் கண்குளிரக் கண்டார்; 1974-இல் மறைந்தார். பேரன் திருத்தந்தையான பின்பும் அக்கடிதம் அவருடைய கட்டளைச் செபநூலுக்குள் இருந்தது.