நீரைக் காத்தவர்களைக் கேட்டார்களா?

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை என்ற சிற்றூரின் பெயரை நம்மில் பலர் 2020 நவம்பர் 21 அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டிருப்போம். கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் அன்று திறந்து வைக்கப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகியவற்றோடு சென்னைக்குக் குடிநீர் வழங்க வந்த புதிய நீர்த்தேக்கம் இது. கொள்ளளவு அரை டி.எம்.சி. அங்கே ஏற்கெனவே இருந்த ஏரிகளை இணைத்தே இதைக் கட்டினார்கள். 2019 கோடையில் காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிகளுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இதே ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு.

தேர்வாய் கண்டிகை மக்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரை ஒட்டி, காடாக வளர்ந்து நின்ற பரந்த மேய்க்கால் நிலம் இருந்தது. அங்கே அவர்கள் ஆடு மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், மூலிகை பறித்தார்கள். அந்தக் காட்டில் பெய்த மழை மெல்ல இறங்கி ஊர் ஏரிகளுக்கு வந்தது. ஏரிநீரால் நெல் விளைந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்று அதிகாரிகள் சொல்வதை, அம்மக்கள் தங்கள் வாழ்வாகவே காத்து வந்தார்கள்.

2007-இல் அந்த நிலத்தில் ஏறக்குறைய 1,127 ஏக்கரைச் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்க அரசு முடிவு செய்தது. 2009-இல் மிஷ்லென் டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. மக்கள் எதிர்த்தார்கள், போராடினார்கள், கைதும் ஆனார்கள். மரங்கள் வெட்டப்பட்டன.

2012-இல் இவர்களின் குரல் பாரீஸ் நகரை எட்டியது. பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய புகார்களை ஆராயும் பிரெஞ்சு அரசு சார்ந்த அமைப்பிடம் ஊர்மக்களின் சங்கம் முறையிட்டது. அதனுடன் நின்றவர்களில் பிரெஞ்சு கத்தோலிக்கரின் பசி ஒழிப்பு, வளர்ச்சி அமைப்பான சி.சி.எஃப்.டி.யும் ஒன்று என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. 2013-இல் முறையிட்டவர்கள் நம்பிக்கை இழந்து விலகிக்கொண்டார்கள். நிறுவனம் விதிகளை மீறவில்லை என்று கூறிய அந்த அமைப்பு, சில பரிந்துரைகளை மட்டும் அளித்தது. ஆலையும் வந்தது.

வேலைவாய்ப்பு வேண்டாமா? வேண்டும். சென்னைக்குக் குடிநீர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் தொழிலுக்காகக் காட்டையும், நகரத்துக்காக ஏரியையும் ஒரே ஊர் விட்டுக்கொடுத்திருக்கிறது. இரண்டு முடிவுகளையும் எடுத்த மேசையில் அந்த ஊருக்கு எந்த இடம் தரப்பட்டது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 183-ஆம் பத்தி இதைத்தான் பேசுகிறது. சுற்றுச்சூழல் தாக்கத்தைத் திட்டம் தீட்டிய பிறகு பார்க்கக் கூடாது, தொடக்கத்திலேயே ஆராய வேண்டும், அந்தப் பேச்சில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் உண்டு என்கிறார் அவர். கருவேல மரம் வெட்டுவதும் ஏரிக்கரையில் பனைவிதை நடுவதும் நல்ல பணிகளே. ஆனால் வேலை செய்ய மட்டும் மக்களை அழைத்து, முடிவெடுக்கும்போது மறந்துவிட்டால் அது பங்கேற்பு ஆகுமா?

கும்மிடிப்பூண்டிப் பகுதியின் மழைநீர் கடைசியில் பழவேற்காடு ஏரியைத்தான் சேர்கிறது. மேலே ஓடை அடைபட்டாலும், ஆலைக் கழிவு கலந்தாலும், கீழே வலை வீசும் மீனவருக்கும் அது இழப்பே. ஆகவே மேய்ப்பவரும் உழவரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து பேச வேண்டிய காரியம் இது.

அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்தது. 2022 முதல் அது ஆறாக உயர்ந்தது. புதிதாகச் சேர்ந்த நாள்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நம் அன்பியக் கூட்டங்களில் நம் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போமா? அதை மார்ச் 22 அன்று கிராம சபையில் தீர்மானமாக முன்வைப்போமா?

தேர்வாய் கண்டிகை மக்கள் நமக்காக ஏரியைத் தந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் நாம், அவர்களை மறக்காதிருப்போம்.