குறியும் வாக்கும்

வயலும் குளமும் காடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இலங்கையின் வன்னிக் கிராமங்களில், பட்டி பட்டியாக மாடு வளர்த்த குடிகளுக்குக் கால்நடை வெறும் விற்பனைப் பண்டமன்று. மகளின் சீதனமும் ஆபத்துக்கால திரவியமும் அதுவேயாதலால், அதன் கைமாற்றமும் மேனியிற் சுட்ட குறியையும் மனிதர் கொடுத்த வாக்கையும் ஆதாரமாகக் கொண்டே நிகழ்ந்து வந்தது. அயர்லாந்துச் சந்தைகளில் கையோடு கை அறைந்து பேரம் முடித்தபின், விற்றவர் அதிர்ஷ்டக் காசாகச் சிறுதொகையை வாங்கியவருக்கே திருப்பிக் கொடுப்பதும், தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் தொட்டு விலை பேசுவதும் இந்த நம்பிக்கையின் வேறு ரூபங்களே. குறியிடுதலையும் உரிமைமாற்றத்தையும் ஒழுங்குசெய்யும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் களவைத் தடுக்க அவசியமானதே. ஆயினும், 2009இல் முடிவுற்ற யுத்தத்தில் பட்டிகளையும் பத்திரங்களையும் ஒருங்கே பறிகொடுத்து மீண்ட ஒரு ஜனசமூகத்துக்கு, எரிந்துபோகும் கடதாசி மட்டுமே உரிமையின் பிரமாணமாக இருத்தல் நியாயமாகாது. ஆகவே, குறியை நன்கறிந்த அயலவரின் சாட்சியத்துக்கும் ஊர்ப் பெரியோரின் சொல்லுக்கும் அதிகாரிகள் உரிய மதிப்பளித்து, வழக்காற்றையும் சட்டத்தையும் இசைவித்து நடத்துவதே வன்னியின் கால்நடைச் செல்வத்தைப் பேணும் தர்மமாகும்.