குடம் சுமக்கும் பிள்ளைக்குச் சிக்கனப் பாடம் மட்டும் போதுமா?

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று பல பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "தண்ணீரை வீணாக்க மாட்டோம்" என்று உறுதிமொழி எடுக்கச் செய்கிறார்கள். சுவரொட்டி எழுதச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். நீரையும் நிலத்தையும் காட்டையும் அளவறிந்து பயன்படுத்த இளம் வயதிலேயே பழக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யார் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? விடியுமுன் எழுந்து குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு வகுப்புக்கு வரும் தாராவிப் பிள்ளைக்கும், திருகினால் எந்நேரமும் கொட்டும் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பாடம் போதுமா?

போதாது என்பதே நம் கருத்து. சிக்கனம் பாதிப் பாடம். பங்கீடு மறுபாதி. அந்த மறுபாதியை யாரும் சொல்லித் தருவதில்லை.

கடமையும் பங்கும்

காடு, ஏரி, ஆறு, வன உயிர்கள் ஆகியவற்றைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 51-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2003-இல் அதே நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவை.

ஆனால் அதே அரசியல் சட்டத்தில் 39(பி) என்று ஒரு பிரிவும் இருக்கிறது. சமுதாயத்தின் பொருள்வளங்கள் பொது நன்மைக்கு மிகவும் உகந்தவாறு பங்கிடப்பட வேண்டும் என்று அது அரசுக்கு வழிகாட்டுகிறது. கடமையைப் பிள்ளை ஒப்பிக்க வேண்டும். பங்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் அது கல்வியா? இல்லாதவனை இன்னும் கொஞ்சம் அடங்கியிரு என்று பழக்குவதற்குச் சுற்றுச்சூழல் கல்வி என்று பெயர் வைக்கலாகாது.

குடக் கணக்கு

நான்காம் வகுப்புப் பிள்ளை போடக் கூடிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் வசதி உள்ள நகரில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் உள்ள அளவு. தெருக்குழாயில் பிடிப்பவருக்கு அதே கையேடு 40 லிட்டர் என்கிறது. மும்பை மாநகராட்சி குடிசைப்பகுதிக்கு வைத்த அளவோ 45 லிட்டர்.

ஒரு வீட்டில் ஐந்து பேர். ஒரு குடம் 15 லிட்டர். 135 லிட்டர் கணக்கில் அந்த வீட்டுக்கு 45 குடம் வர வேண்டும். 45 லிட்டர் கணக்கில் 15 குடம்தான். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் 15 குடம்! ஏட்டில் உள்ள அந்தப் பங்காவது ஒழுங்காக வராத தெருக்கள் எத்தனை என்பதை வாசகர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 15 குடத்தில் நாளைத் தள்ளுகிற தாய்க்குச் சிக்கனத்தைப் பற்றி யார் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? அவள்தான் ஊருக்குச் சொல்லித் தர வேண்டும்.

குழாய்க்கு அப்பால்

இதோடு நிறுத்தினால் அதுவும் அரைகுறைப் பாடமே. நம் குடத்துக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது? 1860-இல் விகார் ஏரி கட்டப்பட்டது. நகரம் பெருத்தது. 1892-இல் தான்சா வந்தது. பின்னர் மோடக் சாகர், மேல் வைதரணா, பாட்சா என்று நீண்டு, 2014-இல் நடு வைதரணா வரை போயிற்று. துள்சியையும் சேர்த்து ஏழு ஏரிகள். நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் நீர் இந்த மாநகருக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி நூறு கிலோமீட்டர் தொலைவுவரை உள்ள மலைச்சரிவுகளிலிருந்து வருவது.

அந்தத் தான்சாவும் பாட்சாவும் உள்ள தாணே மாவட்டத்து சகாப்பூர் வட்டத்திலே, கோடை வந்தால் ஆதிவாசிச் சிற்றூர்களுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் போகிறது. அணை அவர்கள் மண்ணில், நீர் நமக்கு! குழாயில் கொட்டும் ஒவ்வொரு குடத்திலும் அவர்கள் விட்டுக்கொடுத்த பங்கு இருக்கிறது என்பதை நம் பிள்ளை அறிய வேண்டும். அறிந்த பிள்ளை தண்ணீரை வீணாக்காது. உறுதிமொழி செய்யாத வேலையை இந்த அறிவு செய்யும். நமக்குப் பங்கு கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்கு வரும்.

மித்தி ஆற்றின் கதையும் அப்படித்தான். விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து மாகிம் கழியில் கலக்கும் ஆறு அது. அதன் சதுப்பையும் கரையையும் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். கழிவை அதில் விட்டார்கள். 2005 சூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது ஆற்றுக்குப் போக வழியில்லை, வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றின் இடத்தைப் பறித்தவர்களுக்கு நேர்ந்த இழப்பைவிட, கரையோரம் குடியிருந்த ஏழைக்கு நேர்ந்தது அதிகம். இயற்கை வளம் கெட்டால் முதலில் அடிபடுகிறவன் உழைப்பாளி. ஆகவே இது மேட்டுக்குடியினர் பொழுதுபோக்குக்குப் பேசும் விஷயமல்ல. நம் பிழைப்பைப் பற்றியது.

நம் வீட்டுக் குறைகள்

உரிமை கேட்கிற நாம் நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர் யார்? நம்மில் சிலர்தான். கடைசி வீட்டுக்காரி காலிக் குடத்தோடு திரும்புவது மாநகராட்சியால் மட்டும் அல்ல. புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்து மூடி வைத்த நல்ல நீரைச் சாக்கடையில் கொட்டுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. பழைய நீரைத் துவைக்கவும் கழுவவும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. தண்ணீர் பிடிப்பது பெண் பிள்ளையின் வேலை என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் இருக்கிறது. அண்ணன் படிப்பான், தங்கை குடம் சுமப்பாள். வீட்டுக்குள்ளேயே பங்கீடு கோணலாக இருந்தால் வெளியே போய் எந்த முகத்தோடு சமப் பங்கு கேட்பது? பையன் கையிலும் குடத்தைக் கொடுங்கள். அதுதான் முதல் பாடம்.

இந்த மண்ணின் வரலாறு

தண்ணீர் பொதுச்சொத்து என்பதைப் போராடி நிலைநாட்டிய மண் இது. 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்து, தீண்டாமையின் முகத்தில் அறைந்தார் அண்ணல் அம்பேத்கர். குடிசைவாசிக்குத் தண்ணீர் தர மறுக்கக் கூடாது. அது வாழ்வுரிமையின் பகுதி என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. 'பாணி ஹக் சமிதி' என்ற மக்கள் அமைப்பு தொடுத்த வழக்கு அது. அதன் பின்னும் எட்டு ஆண்டு கழித்தே, 2022-இல், 'அனைவருக்கும் தண்ணீர்' என்ற கொள்கையை மாநகராட்சி அறிவித்தது. அறிவிப்பு வந்ததாலேயே குழாய் வந்துவிடாது. கேட்டால்தான் வரும். கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும் என்று காத்திராமல், நம் தமிழ்ச் சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு ஞாயிறு, அவரவர் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, வீட்டுக்கு எத்தனை குடம், ஒழுகும் குழாய் எத்தனை என்று பிள்ளைகளே கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கை மனுவாக எழுதி வார்டு அலுவலகத்தில் பெரியவர்கள் கொடுக்கட்டும். மறு மாதம், மித்திக் கரையில் உள்ள மகாராட்டிர இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 37 ஏக்கரில் மரமடர்ந்து நிற்கும் அந்த இடம் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. கெட்ட மண்ணையும் மனிதன் மீட்க முடியும் என்பதைப் பிள்ளை கண்ணால் காணட்டும்.

மே மாத விடுமுறையில் நெல்லைச் சீமைக்கும் பிற ஊர்களுக்கும் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஊர்க் குளத்தைத் தூர்வார ஒரு காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்து முறையைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். அந்தக் குளத்தில் யாருக்கெல்லாம் நீர் மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதட்டும். பழம்பெருமை மட்டும் போதாது; உண்மையும் வேண்டும்.

வீணாக்காதே என்று சொல்வோம். கூடவே, உன் பங்கு எங்கே என்று கேட்கவும், அடுத்தவன் பங்கை எடுக்காதிருக்கவும் சொல்லிக் கொடுப்போம். மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுப் பாடம். அந்தப் பாடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்!