பொன்னும் சாம்பிராணியும் ஒரு துவர்த்தும்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்து வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்ற வித்தியாசம் அந்த நட்சத்திரங்களுக்கு அதிகம் தெரியாது. பாளையத்தில் தேவாலயமும் மசூதியும் கணபதி கோவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. நட்சத்திரத்தோடு கூடவே பல வீடுகளில் ஒரு கேள்வியும் வந்து சேரும். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. அதற்கு இது முதல் கிறிஸ்துமஸ். என்ன வாங்கிக் கொடுப்பது?

கடையில் கேட்டால் பதில் சுலபம். "பட்ஜெட் எவ்வளவு?" என்பார்கள். குழந்தை என்ன செய்யும், அதற்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கொடுப்பவரின் கௌரவமும் பெறுபவரின் எதிர்பார்ப்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெட்டி விலைபோகிறது. மூன்று மாதக் குழந்தை அந்தப் பேரத்தில் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இது புதிய வியாதி அல்ல. முதல் கிறிஸ்துமஸ் பரிசுகளே இப்படித்தான் இருந்தன. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் மூன்று என்பதுதான் தெரியும்: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். பொன் அரசனுக்கு உரியது, தூபம் கடவுளுக்கு உரியது, வெள்ளைப்போளம் சவ அடக்கத்துக்கு உரியது என்று காலங்காலமாக விளக்கம் சொல்லப்படுகிறது. விளக்கம் அழகானதுதான். ஆனால் மூன்றில் ஒன்றுகூடக் கைக்குழந்தைக்கு உதவாது. வளர்ந்தவர்கள் அந்தக் குழந்தையில் எதைக் கண்டார்கள் என்பதைத்தான் அந்தப் பரிசுகள் சொல்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், மூன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இன்றும் நம் தொட்டில்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

முதலில் பொன். கேரளத்து இந்து வீடுகளில் இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானத்தின்போது "தலைதொட்டப்பன்", "தலைதொட்டம்மா" என்று அழைக்கப்படும் ஞானப்பெற்றோர் ஒரு மெல்லிய சங்கிலியாவது போடுவது வழக்கம். "ஒரு கிராமாவது போடலேன்னா அவங்க முகத்தில எப்படி முழிக்கிறது?" என்ற பெரியம்மாக்களின் கவலை மாநில எல்லைகளைத் தாண்டியது. 2025 அக்டோபரில் கேரளத்தில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோதும் இந்தக் கவலை குறையவில்லை, கடன்தான் கூடியிருக்கும். அவசரத்துக்கு அடகு வைக்கத் தாய்க்கு அது உதவும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் அதைத் தாய்க்கே, தாயின் பெயர் சொல்லியே கொடுக்கலாம். குழந்தையின் விரலில் மோதிரமும் கழுத்தில் சங்கிலியும் இறுக்கவும் கீறவும்தான் பயன்படும். கழன்றால் நேராக வாய்க்குப் போகும்.

அடுத்தது தூபம். தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணிப் புகை காட்டாத பாட்டி உண்டா? அந்த மணம் நம் எல்லோருடைய நினைவிலும் இருக்கிறது. ஆனால் பச்சிளம் நுரையீரலுக்கு எந்தப் புகையும் புகைதான், மணமாக இருந்தாலும் சரி. குழந்தையின் பக்கத்தில் வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

மூன்றாவது, கசப்பான வெள்ளைப்போளம். அதன் இடத்தில் நம்மிடம் வசம்பு இருக்கிறது. மலையாளத்தில் வயம்பு. பொன்னையும் வயம்பையும் இழைத்துத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவது கேரளத்தின் பழைய வழக்கம். இதில் ஆபத்து இனிப்பான பொருளில் ஒளிந்திருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். அதனால்தான் ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி.

பழைய பரிசுகள் போகட்டும், புதியவை? பளபளக்கும் 'பேபி கிட்' பெட்டிகள் சிலவற்றில் பவுடர், சீப்போடு ஒரு பால் புட்டியும் இருக்கும். பால் புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்வதையும், அவற்றை விற்பதற்காகத் தாய்மார்களுக்கு அன்பளிப்புகளும் மாதிரிகளும் கொடுப்பதையும் தடைசெய்து 1992இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அந்தச் சட்டம் கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும், சித்தியையும் மாமாவையும் அல்ல. கம்பெனி செய்யக்கூடாததை நாம் வண்ணக் காகிதம் சுற்றிச் செய்கிறோம்.

சக்கரம் வைத்த வாக்கரும் அப்படித்தான். சீக்கிரம் நடக்கட்டும் என்று வாங்குகிறோம். அது நடையைக் கற்றுத் தருவதில்லை. படிக்கட்டு வரை வேகமாகக் கொண்டுபோகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பாட்டுப் பாடும் பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் புண்ணாக இரண்டு மணி நேரம் போதும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நடைபாதையில் வாங்கும் பொம்மையில் அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பஞ்சு பொதிந்த கரடியைக்கூடக் குழந்தை தூங்கும் இடத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. மூக்கை மூடினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கூடாது என்றால் எதைத்தான் கொடுப்பது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குழந்தையின் பக்கத்திலிருந்து யோசித்தால் பதில் கிடைக்கும். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அதைக் குனிந்து பார்க்கும் முகத்துக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான். காது கருப்பையிலேயே தயாராகிவிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தாங்கள் சப்பும் வேகத்தையே மாற்றிக்கொண்டன. ஆக, முகம் ஒன்று, குரல் ஒன்று. குழந்தையின் உலகத்தில் மதிப்புள்ள பொருள்கள் இவை.

இதைத் திருவனந்தபுரம் எப்போதோ அறிந்திருக்கிறது. 1813 ஏப்ரலில் திருவிதாங்கூர் அரண்மனையில் சுவாதித் திருநாள் பிறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்த ராணி கௌரி லட்சுமிபாய்க்குப் பிறந்த மகன் அவர். பிறக்கும் முன்பே நாடு காத்திருந்த குழந்தை. அந்தத் தொட்டிலுக்குப் பொன்னுக்கா பஞ்சம்? ஆனால் அந்தப் பரிசுகளில் இன்று சாதாரண ஜனங்களின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அந்தக் குழந்தைக்காக இரயிம்மன் தம்பி எழுதிய 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்ற தாலாட்டு. குழந்தையை ஒவ்வொரு அழகோடும் ஒப்பிட்டு, நீ இதுவா, அதுவா என்று கேட்டுக்கொண்டே போகும் பாட்டு அது. அந்த மகன் சிறு பிள்ளையாக இருந்தபோதே ராணி இறந்துபோனார். இருநூறு வருடங்களுக்கும் மேலாக அந்தத் தாலாட்டு மட்டும், அரண்மனையைப் பார்த்தேயிராத தாய்மார்களின் வாயில் வாழ்கிறது.

பாட வராது என்கிறவர்களுக்கு லூக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். ஞானிகளைப் பற்றி அவர் எழுதவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் தாய் என்று மட்டும் சொல்கிறார். அந்தக் கணக்கில் அந்தக் குழந்தை பெற்ற முதல் பொருள் ஒரு துணி.

நல்ல துணிக்கு இங்கிருந்து வெகுதூரம் போக வேண்டாம். நாகர்கோவில் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலிய நெசவாளர்கள் குடியேறிய ஊர். குழித்தறியில் நெய்யும் மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போனது. புவிசார் குறியீடும் பெற்றது. கைக்குழந்தைக்கு வாங்கும்போது கசவை மறந்துவிடுங்கள். சரிகை பிஞ்சுத் தோலைக் கீறும். சாதாரண வெள்ளைத் துணி, அல்லது கன்னியாகுமரிக்காரர்கள் துவர்த்து என்றும் மலையாளிகள் தோர்த்து என்றும் சொல்லும் துண்டு நாலைந்து போதும். கஞ்சி போகும்வரை நாலு தடவை அலசி, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொடுங்கள். அந்த வேலையும் பரிசில் சேர்த்தி. கொடுத்த கையோடு குழந்தையை இரண்டு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு, தாயைத் தூங்கச் சொன்னால் அதற்கு ஈடான பரிசு எந்தக் கடையிலும் கிடையாது.

முகம், குரல், துணி, தூக்கிவைத்துக்கொள்ளும் கை. இந்தப் பட்டியல் சரிதானா என்று சோதித்துப் பார்க்க இதே நகரத்தில் ஓர் இடம் இருக்கிறது. தைக்காட்டில் மாநில குழந்தைகள் நல கவுன்சிலின் வாசலில் 2002இல் வைக்கப்பட்ட அம்மத்தொட்டில். வளர்க்க முடியாத குழந்தையைப் புதரிலும் ஓடையிலும் போடாமல் அங்கே கிடத்திவிட்டுப் போகலாம். குழந்தையின் எடை பட்டதும் உள்ளே மணி அடிக்கும். பணியாளர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, கைவிடப்பட்ட, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேடி, இரண்டு மாதத்துக்குள் அதைத் தத்துக்கொடுக்கத் தகுதியானதாக அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பொருத்தமான குடும்பம் அமையும் வரை காத்திருப்பு உண்டு. நவம்பரில் வந்த குழந்தைக்கு முதல் கிறிஸ்துமஸ் அந்தக் கூரையின் கீழ்தான்.

அந்தக் குழந்தைக்கு எது குறைவு? பொம்மைகளா? 2024 டிசம்பரில் அதே இல்லத்தில் இரண்டரை வயதுச் சிறுமியைக் காயப்படுத்தியதாக மூன்று ஆயாக்கள் கைது செய்யப்பட்ட செய்தி கேரளத்தைக் குலுக்கியது. பண்டிகைக்குப் பண்டிகை கேக்கும் பொம்மையுமாக வருகிறவர்களால் அங்கே நிரப்ப முடியாத இடம் எது என்பதை அந்தச் செய்தி காட்டியது. போதுமான ஆயாக்கள், அவர்களுக்குப் பயிற்சி, கௌரவமான சம்பளம், தொடர்ந்த மேற்பார்வை. வண்ணக் காகிதத்தில் சுற்ற முடியாத பரிசுகள். நாம் கட்டும் வரியிலிருந்து, நாம் கேட்டு வாங்கித்தரவேண்டியவை.

அம்மத்தொட்டிலில் கிடைத்த குழந்தைக்கு அங்குள்ளவர்கள் கொடுக்கும் முதல் பரிசு ஒரு பெயர். தத்தெடுக்கும் பெற்றோர் பிறகு அதை மாற்றவும் செய்யலாம். ஆனாலும் பெயர் இல்லாமல் ஒரு குழந்தையை அழைக்க முடியாது. அழைக்க ஒரு பெயரும், அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் குனியும் ஒரு முகமும். அக்கா மகளின் குழந்தைக்கும் இதைத் தாண்டித் தேவை அதிகமில்லை. மிச்சப் பணத்துக்குத் துவர்த்து வாங்குங்கள்.