பரீட்சை யாருக்கு?

சென்ற மாதச் சம்பள நாளன்று மாலை, செபராங் பிறையிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றின் ஆபீசில் நாம் கணக்கை முடித்துக் கொண்டிருந்த சமயம், லாரி ஓட்டும் வாலிபர் ஒருவர் மடித்த காகிதமொன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவருக்கு விவாகமாகி இரண்டு வருஷம் ஆகின்றது. மனைவி பினாங்குப் பட்டணத்தில் துணிக்கடையொன்றில் வேலை பார்ப்பவர். "இன்னும் விசேஷமில்லையா?" என்று ஊரார் கேட்கத் தொடங்கியதும், மாமியார் அம்மாள் கைப்பேசி மூலம் ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டார். மருமகளின் விரல் நுனியைக் குத்தி, சொட்டு இரத்தத்தை அட்டையில் ஏற்றித் தபாலில் அனுப்பினால், சில நாட்களில் அவளுடைய ஹார்மோன் கணக்கு வந்துவிடுமாம். வந்தும் விட்டது. ஆனால் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது; ஆகவே கிராணியிடம் வந்தது.

"கிராணி ஐயா, இவளுக்குப் பிள்ளை பிறக்குமா பிறக்காதான்னு இதிலே போட்டிருக்காம். படிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர். அப்பெண் வாசற்படிக்கு வெளியே, முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

காகிதத்தில் ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்புக்குறியும் இருந்தன. நாம் அதைப் படிக்குமுன் ஒன்று கேட்டோம்: "தம்பி, நீ டெஸ்ட் எடுத்தியா?"

வாலிபரின் முகம் மாறிவிட்டது. "எனக்கு என்னங்க குறை? நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்றார்.

நாம் எழுதப் புகுந்தது இந்த வார்த்தையைப் பற்றியே.

முதலில் அந்தக் காகிதம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். ஏ.எம்.ஹெச். என்பது பெண்ணின் சூலகத்திலுள்ள சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன். அதன் அளவைக் கொண்டு, கருமுட்டைகளின் கையிருப்பு ஏறக்குறைய எவ்வளவு என்று ஊகிக்கலாம். குதிரில் நெல் எத்தனை மரக்கால் மீதியிருக்கின்றது என்று அளப்பது போன்ற காரியம் அது. விதை முளைக்குமா, நிலத்தில் ஈரமுண்டா, வாய்க்கால் அடைபட்டிருக்கின்றதா என்பதையெல்லாம் குதிர் அளவு சொல்லுமா? மாதம் ஒன்றுக்கு வேண்டுவது ஒரே ஒரு கருமுட்டைதான். கருக்குழாய் திறந்திருப்பதும், கருப்பை நலமாயிருப்பதும், கணவனின் வித்து உயிருள்ளதாயிருப்பதும் இந்த எண்ணுக்குள் அடங்குவனவல்ல.

நாம் நம் சொந்த அபிப்பிராயத்தைச் சாஸ்திரமென்று விற்கவில்லை. 2017-இல் அமெரிக்காவில், 30 முதல் 44 வயது வரையுள்ள, மலட்டுத்தன்மை இருந்ததாக முன்பு கண்டறியப்படாத சுமார் 750 பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஏ.எம்.ஹெச். குறைவாயிருந்த பெண்களும் சரியாயிருந்த பெண்களும் ஓராண்டுக்குள் கருத்தரித்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. 2019-இல் அந்நாட்டு மகப்பேற்று வைத்தியர் கல்லூரி, பிள்ளைப்பேற்றில் தடையிருப்பதாக அறியப்படாத பெண்களுக்கு இந்த எண்ணை வைத்து யோசனை சொல்லக்கூடாது என்றே கூறிவிட்டது. சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்கு வருகின்ற பெண்ணுக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்று கணக்கிட வைத்தியருக்கு இது உதவும். அந்த உபயோகத்தை நாம் மறுக்கவில்லை. வைத்தியரின் மேஜையில் கருவியாயிருப்பது மாமியார் கைக்கு வந்தால் ஜாதகமாகிவிடுகின்றதே, அதைத்தான் மறுக்கின்றோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூலகத்தில் நீர்க்கட்டி நோயுள்ள பெண்களுக்கு, அதாவது பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்கள் எழுதும் கோளாறுள்ளவர்களுக்கு, இந்த எண் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். எண் உயர்ந்தது கண்டு வீட்டார் மகிழ்ந்து சர்க்கரை வழங்குவார்கள். அவளுக்கோ கருமுட்டை மாதந்தோறும் வெளிப்படாமலே இருக்கும். நம் இந்திய வமிசத்துப் பெண்களிடையே இக்கோளாறு சாதாரணமாகக் காணப்படுவது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் எல்.ஹெச். தாள்களின் கதியும் இதுவே. சரியான உடல்நிலையுள்ள பெண்ணுக்குக் கோடு அழுத்தமாகத் தெரிந்தால், ஒன்று ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிப்படும் என்று கொள்ளலாம். அது நல்ல உபகாரமே. ஆனால் நீர்க்கட்டி நோயுள்ளவளுக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே ஏறியிருக்கக்கூடுமாதலால், தாள் பல நாட்கள் பொய் சொல்லும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகின்றவளுக்கு ஏ.எம்.ஹெச். தாழ்ந்து காட்டும் என்பதையும் அறியவேண்டும். பெட்டியின் உள்தாளில் இவை பொடி எழுத்தில் இருக்கலாம். தமிழில் மட்டும் இருப்பதில்லை. நம் ஜனங்களிடம் பணம் வாங்கத் தெரிந்த வியாபாரிகளுக்கு நம் எழுத்தை அச்சிடத் தெரியாமற் போனது எவ்வாறு?

இவ்வாறு எழுதுவதால், பெண்கள் தங்கள் உடலைத் தாங்களே அறியக்கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் எம்மைச் சேர்த்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் கர்ப்பம் உண்டா இல்லையா என்று அறிய, பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குள் ஊசியால் ஏற்றி, பிறகு அந்த எலியைக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் கண்ட முறை அது. பின்னர் ஆப்பிரிக்கத் தவளை வந்தது. 1967-இல் மார்கரெட் கிரேன் என்ற அமெரிக்க மாது, மருந்துக் கம்பெனியொன்றில் படம் வரையும் வேலையிலிருந்தவர், "இந்தப் பரீட்சையைப் பெண்ணே தன் வீட்டில் செய்தால் என்ன?" என்று எண்ணி ஒரு சிறு பெட்டியை அமைத்தார். கம்பெனியார் முதலில் அதை விரும்பவில்லை. வைத்தியர்களிலும் பலர், பெண்களுக்கு அதைச் சரியாகப் பார்க்கத் தெரியாது, பயந்துவிடுவார்கள் என்று ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபனை பொய்யென்று நிரூபணமாகி வெகுகாலமாகின்றது. இன்று மருந்துக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கர்ப்பத் தாள், எத்தனையோ பெண்களைப் பிறர் முகத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலையிலிருந்து விடுவித்திருக்கின்றது. 1929-இன் கடைசியில் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஈ.வெ.ரா. அவர்கள், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணே தீர்மானிக்க வேண்டுமென்று பேசியும் எழுதியும் வந்தவர். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற அவருடைய புத்தகத்தில் கர்ப்பத்தடைக்கே ஓர் அத்தியாயம் உண்டு. அந்த வழியில் வந்த நாம், அறியும் உரிமைக்கு எதிரியாக இருக்க முடியாது.

ஆனால் அறிகின்றவள் அவளா, அறியப்படுகின்றவள் அவளா? தானே வாங்கி, தானே பார்த்து, தன் மனத்துக்குத் தெளிவு தேடுகின்ற பெண் ஒரு புறம். பிறர் வாங்கித் தர, பிறர் முன்னே விரலை நீட்டி, தன் இரத்தத்தின் கணக்கைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்கின்ற பெண் மறுபுறம். பெட்டி ஒன்றேயாயினும் காரியம் ஒன்றாகுமா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகின்ற வழியெல்லாம் பார்த்திருக்கின்றோம். வீதியில் மலைமலையாகத் தேங்காய் உடைபடும். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து செல்வார்கள். அந்த வேண்டுதலுக்காக நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து வயிற்றைக் காயப்போட்டவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மனைவியே. அரசமரத்தைச் சுற்றியவளும் அவளே, மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொண்டவளும் அவளே. அவையெல்லாம் மூடநம்பிக்கை என்று கைகொட்டிச் சிரிக்கின்ற படித்த குடும்பங்கள், இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் அதே பெண்ணின் விரலைக் குத்துகின்றன. சுற்றுகின்ற மரம் மாறியது, சுற்றுகின்றவள் மாறவில்லை.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம், ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கின்றது என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அதைக் கண்டறியும் முதற் பரீட்சையோ மிக எளியது. இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டு, ஒரு சிறு கிண்ணத்தில் விந்தைக் கொடுத்தால் போதும். ஊசியில்லை, கத்தியில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட நூலின்படி, ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சம் அணுக்கள் என்பது கீழெல்லை. அதற்குக் குறைந்தாலும் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்பதில்லை. அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகுமாதலால், ஒரு தடவை குறைந்து கண்டால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். காய்ச்சல், புகை, சாராயம், நீரிழிவு, விரையில் நரம்பு சுருண்டு வீங்குதல், உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் ஹார்மோன் ஊசி ஆகியவை அணுக்களைக் குறைக்கக்கூடும். இவற்றுள் பலவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. ஆண்கள் வீட்டிலேயே அணுக்களை எண்ணிப் பார்க்கும் பெட்டிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மகனுக்கு அதை வரவழைத்த தாயாரை மட்டும் நாம் இன்னும் சந்திக்கவில்லை.

தோட்டத்தில் பிழைப்பவர்கள் இன்னொரு சரித்திரத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1977-இல் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்னும் ஊரிலிருந்த இரசாயனத் தொழிற்சாலையில், டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்கு வெகுநாளாகப் பிள்ளை பிறக்கவில்லையென்று ஒருவரோடொருவர் பேசிக் கண்டுகொண்டார்கள். பரீட்சித்தபோது பலருடைய விந்தில் அணு அறவே இல்லை, அல்லது மிகக் குறைவு. 1979-இல் அமெரிக்க அரசாங்கம் அம்மருந்தின் பெரும்பாலான உபயோகங்களை நிறுத்தியது. அதற்குள் கோஸ்டாரிக்கா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்ட ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளர்கள் மலடாகியிருந்தார்கள். நம் நாட்டிலும் தோட்டங்களில் மருந்தடித்தவர்களின், முக்கியமாகப் பெண்களின், உடல் எவ்வாறு நலிந்தது என்று தெனகனிதா சங்கமும், பினாங்கில் தலைமையிடம் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கமும் சேர்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்ன மருந்தால் இன்னாருக்கு மலடு என்று நாம் இங்கே சொல்லவரவில்லை. லாத்ரோப் தொழிலாளர்கள் தங்களைத் தாங்களே பரீட்சித்துக் கொண்டதால் உண்மை வெளிவந்தது. "எனக்கு என்ன குறை?" என்று அவர்களும் மார்தட்டியிருந்தால், விஷம் புட்டியிலேயே பத்திரமாயிருந்திருக்கும், குற்றம் மனைவிமார் தலையில் ஏறியிருக்கும்.

இதை எழுதும் கையும் சுத்தமான கையன்று. நம் வீட்டிலும் மூன்று வருஷம் இந்த நாடகம் நடந்தது. காலையில் நாவின் கீழ்ச் சூடு பார்ப்பதும், தாள் நனைப்பதும், இரண்டு முறை இரத்தம் கொடுத்ததும் எல்லாம் நம் மனைவியே. ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம், உள்தாள்களை உரக்கப் படித்துக் காட்டும் உத்தியோகத்தை மட்டும் வகித்தோம். டாக்டர் நம் பக்கம் திரும்பி, "நீங்கள் எப்போது?" என்று கேட்ட பிறகும் ஐந்து மாதம் கடத்தினோம். வேலை அதிகம் என்றோம். கடைசியில் பார்த்தபோது குறை நம்மிடமே இருந்தது. அந்தக் காகிதத்தை நாமே படித்துச் சொன்னோம். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக உறவினர் வீட்டு வளைகாப்புக்கெல்லாம் தலைவலி என்று சொல்லிப் போகாமலிருந்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டார்.

"பெண்ணுக்கு வயது ஏறினால் சிரமமல்லவா, காலத்தில் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். ஆம், வயது மெய்யானது. எந்த ஹார்மோன் எண்ணைவிடவும் வயதே அதிகம் சொல்லும். ஆகையால்தான் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட மனைவியானால் ஓராண்டு முயன்ற பின்னும், முப்பத்தைந்தைக் கடந்தவளானால் ஆறு மாதத்திலும், இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போகவேண்டும் என்கின்றார்கள். மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தால் அவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குகள் இருக்கின்றன. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளில் பிள்ளைப்பேற்றுத் தடைக்கு யோசனை பெறலாம். வைத்தியக் கருவிகளைப் பதிவு செய்ய 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், பெட்டி வாங்குவோர் பதிவு உண்டா என்று பார்த்தே வாங்கவேண்டும். ஆனால் பதிவு என்பது கருவிக்குத்தான். மருமகளின் தலைவிதிக்கு எவரும் பதிவெண் கொடுக்கவில்லை.

நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. இன்று மனைவியின் கையில் இருக்கும் இந்த எண், நாளை பெண் பார்க்க வருகின்றவர்களின் கைக்குப் போகும். நட்சத்திரம், நிறம், நகை ஆகியவற்றோடு ஏ.எம்.ஹெச். எவ்வளவு என்றும் கேட்பார்கள். அப்போது பெண்ணைப் பெற்றவர்கள், "மாப்பிள்ளையின் காகிதம் எங்கே?" என்று கேட்கத் துணிவார்களா? விரலைக் குத்தி முன்கூட்டியே தயாராக்கி வைப்பார்கள் என்றே தோன்றுகின்றது.

நிற்க. அந்த லாரிக்கார வாலிபரிடம், காகிதத்திலுள்ள எண் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலன்று என்று சொன்னோம். கிளினிக் விலாசத்தை எழுதி, "இரண்டு பேரும் போங்க" என்று கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு லாரியின் பக்கம் நடந்துவிட்டார். வெளியே நின்றிருந்த அவர் மனைவி உள்ளே வந்து, மேஜைமேலிருந்த இரண்டு காகிதங்களையும் எடுத்தார். இரத்தக் கணக்கை நான்காய்க் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். விலாசத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை திறந்திருக்குமாங்க?" என்று கேட்டார்.