பெட்டியில் வரும் அந்த ஒரு வரி

குரோம் உலாவியில் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்க்கப் போனால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே தட்டிவிடுகிறோம். ‘எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும் வரி பல நேரம் அதில்தான் இருக்கும். அலுவலக மின்னஞ்சல், வங்கி, மத்திய சேமநிதிப் பக்கம் எல்லாவற்றையும் அதே உலாவியில்தானே திறக்கிறோம்?

“லட்சக்கணக்கான பேர் பயன்படுத்துகிறார்களே” என்று சிலர் சொல்வார்கள். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். பயன்படுத்தாத பக்கங்களைத் தூங்க வைத்துக் கணினியின் வேகத்தைக் காக்கும் நல்ல கருவி அது. 2020ல் அதை உருவாக்கியவர் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி கூகல் அதை முடக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. கருவி கைமாறியதும் உள்ளே இருப்பது மாறியதும் பலருக்குத் தெரியவே இல்லை.

என் அக்கா மகள் ஒரு துப்புரவு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மாதக் கடைசியில் 40 வேலையிடங்களிலிருந்து 40 எக்செல் கோப்புகள் வரும். எல்லாம் வேலைநேரப் பட்டியல்கள். வெட்டி ஒட்டி ஒன்றாக்க இரண்டு நாள்.

“மாமா, இலவசமா ஒரு வெப்சைட் இருக்கு. ஃபைலையெல்லாம் போட்டா ஒரே நிமிஷத்துல சேர்த்துக் கொடுத்துடுமாம்” என்றாள்.

“யாரோட வெப்சைட்மா அது? ஃபைலுக்குள்ள என்னென்ன இருக்கு?”

பெயர், வேலை அனுமதி எண், மணிக்கணக்கு, சம்பள விகிதம். தளத்திலோ முகவரியும் இல்லை, கோப்புகளை எப்போது அழிப்பார்கள் என்ற விவரமும் இல்லை.

அவள் தன் விவரங்களைக் கொடுத்தால் அது அவள் இஷ்டம். அந்தப் பட்டியலில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லையே! சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேறொருவரிடம் கொடுத்துச் செய்வித்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம், பெரிய நிறுவனமென்றால் அதற்கும் மேலே. ஏஐ உரையாடல் செயலியில் சம்பளப் பட்டியலை ஒட்டுவதும் இதே கணக்குத்தான். 2023ல் சாம்சுங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரலை சேட்ஜிபிடியில் ஒட்டிய பிறகு, அந்நிறுவனம் அத்தகைய செயலிகளுக்குத் தடை போட்டது.

அவளுக்கு வேண்டியது ஏற்கெனவே எக்செல்லுக்குள்ளேயே இருந்தது. ‘பவர் குவெரி’ என்று பெயர். 40 கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒருமுறை அமைத்துவிட்டால், அடுத்த மாதம் ‘ரெஃப்ரெஷ்’ தட்டினால் போதும். தகவல் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. முதல் மாதம் சொதப்பியது உண்மைதான். மூன்று மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு விதமாகத் தலைப்பு எழுதியிருந்தார்கள். அதைச் சரிசெய்யவே ஒரு மதியம் போனது.

மின்னஞ்சலையும் கோப்புகளையும் இணைத்துத் தானாக ஓடும் ‘பவர் ஆட்டோமேட்’, ‘ஸேப்பியர்’ போன்றவை தேவைப்படுகிற இடங்களும் உண்டு. அங்கே நான் முதலில் பார்ப்பது, யார் கணக்கில் அது ஓடுகிறது என்பதைத்தான். ஆர்வமுள்ள ஊழியர் ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் அமைத்துவிட்டு வேலையை விட்டுப் போனால், வாடிக்கையாளர் விவரங்கள் மாதக்கணக்கில் அவர் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, மறந்திருந்தாலே போதும். அதனால் நிறுவனக் கணக்கில், தகவல் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்து அமைப்பதுதான் சரி. அப்படி ஓர் அதிகாரியை நியமிப்பது இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டாயம். உங்கள் அலுவலகத்தில் அவர் யாரென்று தெரியாவிட்டால் மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

கூகல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், நீங்கள் அனுமதி கொடுத்த வெளிச் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. இன்றிரவே ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர்கூட நினைவில் இல்லாதவை இருந்தால், அங்கேயே நீக்கிவிடலாம்.